ரேடார் கறுப்பாகக் காட்டினால் வானம் காலி என்று அர்த்தமா?

தேவகோட்டைக்காரன்:
போன வாரம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு இரவு விமானத்தில் வந்தேன். இடது ஜன்னல் சீட்டு. தூக்கம் வராததால் முன் சீட்டு முதுகில் இருக்கும் திரையில் மேப்பை ஓடவிட்டிருந்தேன். நிகோபார் பக்கம் வந்ததும், அதுவரை நேராக வந்துகொண்டிருந்த கோடு வலப்பக்கம் ஒடிந்தது. அப்புறம் பெரிய வில்லாக வளைந்து பழைய பாதைக்குத் திரும்பியது. ஜன்னலில் பார்த்தால் தூரத்தில் மின்னல். ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி மேகத்துக்குள்ளேயே விட்டு விட்டு வெளிச்சம், சத்தமே இல்லை.

என் சந்தேகம் ரெண்டு. கும்மிருட்டில் நடுக்கடலில் இந்த மேகம் இங்கேதான் இருக்கிறது என்று பைலட்டுக்கு எப்படித் தெரிகிறது? ரெண்டாவது, மின்னல் அடித்த இடத்தைத் தாண்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் காபி கப் எகிறும் அளவுக்கு ஒரு உதறல். ஜன்னலில் நட்சத்திரம்கூடத் தெரிந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஏன் குலுங்கியது?

மழைப்பித்தன்:
சாட்டிலைட் படம் பார்த்துக் கீழே இருந்து ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை) சொல்லிவிடுவார்கள். இன்சாட் படம் அரை மணிக்கு ஒரு தடவை வருகிறதே, நாமே பார்க்கலாம்.

வலதுசீட்டு:
மழைப்பித்தன் கோபித்துக்கொள்ள வேண்டாம், விஷயம் பெரும்பாலும் தலைகீழ். நான் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன், வலது சீட்டில், அதாவது துணை விமானியாக, ஐந்தாவது வருஷம். ஏடிசி திரையில் முக்கியமாகத் தெரிவது விமானங்கள்தான். மேகம் பெரிதாகத் தெரியாது. நடுக்கடலில் தரை ரேடார் விமானத்தையே எட்டிப் பார்க்காது. அதனால் நாங்கள்தான் கேட்போம், "வானிலை காரணமாக வலப்பக்கம் 30 மைல் விலக அனுமதி வேண்டும்" என்று. அண்ணன் பார்த்த வில் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

சாட்டிலைட் படம், எச்சரிக்கை அறிக்கை எல்லாம் கிளம்பும் முன் கையில் வந்துவிடும். எந்தப் பக்கம் தொல்லை இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் நன்றாகக் கொதிக்கிற இடிமேகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி மேலே ஏறும். அரை மணிக்கு முந்தைய படத்தை வைத்து எந்த இடுக்கில் நுழைவது என்று முடிவு பண்ண முடியாது. அதற்கு மூக்கில் இருக்கும் ரேடார்தான்.

விமானத்தின் மூக்கைக் கழற்றினால் உள்ளே 70 செ.மீ. அகலத்தில் ஒரு தட்டு இருக்கும், நம் ஊர்க் கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு. அதுதான் ஆன்டெனா. இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே சுமார் 3 செ.மீ. அலைநீளத்தில் மைக்ரோவேவை முன்னால் அடிக்கும். மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை அளந்து வண்ணம் போடும். லேசான மழை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், கனமழை சிவப்பு. துளிகள் அங்குமிங்கும் தாறுமாறாகப் பாய்ந்தால் டாப்ளர் கணக்கில் (துளி நகரும் வேகத்தை அளப்பது) அதைப் பிடித்து மஜெந்தா காட்டும். அந்தக் குலுங்கல் கணக்கு ஏறக்குறைய 40 நாட்டிக்கல் மைல் வரைதான். சிவப்புக் கட்டிகளை விட்டு 20 மைலாவது தள்ளிப் போவது பொது வழக்கம்.

இதில் பாதிப் பேருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, எனக்கும் பயிற்சியில் சீக்கிரம் புரியவில்லை. ரேடார் மேகத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரைத்தான் பார்க்கிறது, அதுவும் துளியாக இருக்கும் தண்ணீரை. பனித்துகளில் பட்டால் அலை மிகக் குறைவாகத்தான் திரும்பும். நம் பக்க வானத்தில் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேல் உறைநிலை. நாங்கள் பறப்பது 35,000 அடியில். அந்த உயரத்தில் இடிமேகத்தின் தலை முழுக்கப் பனித்துகள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ரேடார் கற்றையின் அகலம் சுமார் 3.5 டிகிரி. ஒரு டிகிரி என்றால் ஒவ்வொரு நாட்டிக்கல் மைலுக்கும் 100 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவை நேராக வைத்தால் கற்றையில் பாதி, 1.75 டிகிரி, எங்களுக்கு மேலே, பாதி கீழே. 40 மைலில் அது மேலே 7,000, கீழே 7,000 அடி. அதாவது 28,000 முதல் 42,000 அடி வரை, முழுக்கப் பனி. திரை கறுப்பு, பெரிதானால் கொஞ்சம் பச்சை. அதே ஆன்டெனாவை 4 டிகிரி கீழே சாய்த்தால் கற்றையின் நடு 19,000 அடிக்கு வருகிறது. அடிப்பக்கம் ஈரத்தைத் தொட்டுவிடும். அதே மேகம் இப்போது பளிச்சென்று சிவப்பு. மேகம் மாறவில்லை, நாம் பார்த்த இடம்தான் மாறியது. இருட்டுத் தோப்பில் டார்ச்சை ஓலைக்கு மேலே அடித்துவிட்டு மரத்தில் காயே இல்லை என்று சொன்னால் எப்படி?

இந்தச் சாய்மானத்துக்கு எங்கள் பேச்சில் டில்ட். ரொம்ப இறக்கினால் தரையே திரும்பி வந்து திரை முழுக்கக் குப்பையாகிவிடும். திரையின் வெளி ஓரத்தில் மட்டும் தரை லேசாகத் தெரிகிற அளவுக்கு வைப்பது பழைய கை வழக்கம். தூரம் குறையக் குறைய இன்னும் இறக்கிக்கொண்டே வரணும். 80 மைலில் ரெண்டு டிகிரி போதும், 40க்கு நாலு.

சந்தேகப்பிராணி:
இதெல்லாம் உங்கள் கேப்டன் காலத்துக் கதை இல்லையா? ஹனிவெல் ஆர்டிஆர் 4000 போன்ற புது ரேடார்கள் தானாகவே எல்லா உயரத்தையும் அலசி முப்பரிமாணமாகச் சேமித்து வைக்கின்றன. காலின்ஸ் மல்டிஸ்கேனும் அதே வழிதான். தரையை வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கழித்தும் விடுகின்றன. பைலட் சும்மா திரையைப் பார்த்தால் போதும். 3.5 டிகிரி, 100 அடி என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது பரீட்சைக்கு மட்டும்தான்.

வலதுசீட்டு:
ரேடாரை ஆட்டோவில் (தானியங்கி முறையில்) வைத்துத்தான் நானும் பெரும்பாலும் ஓட்டுகிறேன். வேண்டாம் என்று யார் சொன்னது? நிஜமாகவே நல்ல சாதனம். ஆனால் ஆட்டோ ஒரு சராசரிப் புத்தி. எதிரே ஒரு கட்டி நிற்கிறது, மேலே தாண்டலாமா சுற்றலாமா என்று கேள்வி வந்தால் கைக்கு மாற்றித்தான் பார்ப்பேன். மெதுவாக டில்ட்டை ஏற்றிக்கொண்டே வருவேன். 50 மைலில் நிற்கும் கட்டி, முக்கால் டிகிரி மேலே வந்தபோது திரையிலிருந்து மறைந்தது என்று வையுங்கள். கற்றையின் அடி விளிம்பு அதற்கு 1.75 டிகிரி கீழே, ஆக ஒரு டிகிரி இறக்கத்தில் இருக்கிறது. 50 மைலுக்கு 5,000 அடி. நான் 35,000 அடியில் இருந்தால் ரேடாருக்குத் தெரியும் உச்சி 30,000. வாய்ப்பாடு பயன்பட்டுவிட்டது பாருங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளக் கூடாத இடம், அந்த 30,000 ரேடாருக்குத் தெரிந்த உச்சி. நிஜ உச்சி அதற்கும் மேலே, வறண்ட பனியாக, நம் மூக்குக்கு நேராகவே இருக்கலாம். நல்ல வேளை 5,000 அடி இடைவெளி இருக்கிறது என்று நேராகப் போனால் தொலைந்தோம்.

சந்தேகப்பிராணி:
சரி, அந்தப் பனி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

மழைப்பித்தன்:
ஏடிசி விஷயத்தில் உளறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரை ரேடார் பற்றிக் கொஞ்சம் தெரியும், அதனால் ஒரு கேள்வி. சென்னைத் துறைமுகத்தில் வானிலைத் துறை வைத்திருக்கும் டாப்ளர் ரேடார் எஸ் பேண்டு, அலைநீளம் 10 செ.மீ. புயல் வந்தால் நாங்கள் எல்லாரும் அதன் படத்தைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். கனமழைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மழையையும் அது காட்டிவிடும். 3 செ.மீ. அலை அப்படி இல்லையே, முதல் மழையிலேயே பாதி தேய்ந்துவிடுமே. பின்னே ஏன் விமானத்தில் அதை வைக்கிறார்கள்?

வலதுசீட்டு:
மூக்கு சின்னது, அதனால்தான். அதே 3.5 டிகிரி கற்றை 10 செ.மீ. அலையில் வேண்டும் என்றால் தாம்பாளம் மூன்று மடங்கு, அதாவது 2 மீட்டருக்கு மேல் வேண்டும். அதை ஏ320 மூக்கில் எங்கே திணிப்பது?

நீங்கள் சொன்ன தேய்மானம்தான் இந்தச் சாதனத்தின் பெரிய பள்ளம். முன்னால் ஒரு கனமழைச் சுவர் நின்றால் அலையெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். பின்னால் என்ன இருந்தாலும் திரையில் கறுப்பு. சிவப்புக்குப் பின்னால் நிழல் மாதிரி விழும் கறுப்பைப் பார்த்து, ஆஹா அந்தப் பக்கம் வெளியே போய்விடலாம் என்று தோன்றும். அதற்குத்தான் ஆள் பலி.

அமெரிக்காவில் 1977 ஏப்ரல் 4, சதர்ன் ஏர்வேஸ் 242. ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குக் குட்டிப் பயணம், டிசி-9. வழியில் ஜார்ஜியாவில் பெரிய இடிமழை. ரேடாரில் ஓட்டை மாதிரித் தெரிந்த இடத்தை நோக்கிப் போனார்கள். அது ஓட்டை இல்லை, ரேடார் தேய்ந்துபோன இடம். வெள்ளம் மாதிரித் தண்ணீரும் ஆலங்கட்டியும் உள்ளே போய் ரெண்டு இன்ஜினும் செத்தன. கிளைடர் மாதிரி இறங்கி நியூ ஹோப் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் தரையிறக்கப் பார்த்தார்கள். விமானத்தில் 63 பேர், தரையில் 9 பேர், மொத்தம் 72 உயிர்.

விசாரணை அறிக்கை கேப்டன்மேல் வைத்த குறை, இடிமழைக்குள் நுழைந்து போவதற்கு விமான ரேடாரை நம்பினார் என்பது. சுற்றிப் போவதற்கு அல்ல, நுழைவதற்கு. அந்த ஒரு வார்த்தை எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும். அவர்கள்மேல் மட்டும் பழி போடவும் முடியாது. புதுத் தகவலைக் கம்பெனி கொடுக்கவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இப்போது வரும் ரேடார்கள் தேய்ந்த இடத்தைத் தனிக் குறி போட்டுக் காட்டுகின்றன, இதற்குப் பின்னால் எனக்குத் தெரியாது என்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி எனக்குப் பிடிக்கும்.

ராடோம் மணி:
தம்பி நல்லா எழுதுறீங்க. நான் பராமரிப்புப் பக்கம், இருபது வருஷத்துக்கு மேல். ரேடாரைப் பற்றிப் பேசும் யாரும் அதற்கு முன்னால் இருக்கும் மூடியைப் பற்றிப் பேசுவதில்லை, அந்த வருத்தத்தில் எழுதுகிறேன்.

மூக்கு மூடிக்கு ராடோம் என்று பெயர். உலோகம் கிடையாது, உலோகம் என்றால் அலை வெளியே போகாது. கண்ணாடி இழைத் தோல், நடுவில் தேன்கூடு மாதிரி அறைகள். அந்தத் தோலில் பொடி விரிசல் விழுந்தால் மழைத் தண்ணீர் தேன்கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ரேடாருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்த கதைதான்.

ஒரு தடவை, எந்தக் கம்பெனி என்று வேண்டாம், ஒரு விமானத்தில் இடது பக்கம் மேகம் மங்கலாகத் தெரிகிறது என்று பைலட்டுகள் லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் ரேடார் பெட்டியை மாற்றினோம். ஆன்டெனாவை மாற்றினோம். டெஸ்ட் போட்டால் எல்லாம் பாஸ். மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் வந்து காசு ஒன்றை எடுத்து மூக்கு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடமும் டக் டக் என்றது, இடது கன்னத்தில் மட்டும் தொப் தொப். எப்போதோ பறவை அடித்ததற்கு ஒட்டுப் போட்ட இடம். ஈரமானியை வைத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர். ராடோமை மாற்றியதும் அந்தப் புகார் அதோடு சரி. ரெண்டு பெட்டி மாற்றிய செலவு வீண்.

பெயின்ட் ஒரு கோட் கூடுதலாக அடித்தாலும் இதே தொல்லைதான். அழகு பார்க்கிறவர்களுக்கு இது புரியாது.

சந்தேகப்பிராணி:
காசு வைத்துத் தட்டுவதா! கோடிக்கணக்கில் விலை போகும் விமானத்தில்.

ராடோம் மணி:
பலாப்பழம் தட்டித்தானே வாங்குறீங்க.

தேவகோட்டைக்காரன்:
என் ரெண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நட்சத்திரம் தெரிகிற இடத்தில் ஏன் குலுங்கியது?

வலதுசீட்டு:
மறக்கவில்லை அண்ணே, டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். உங்கள் விமானத்தின் பதிவைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நடக்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, தெளிந்த வானத்துக் குலுங்கல். ரெண்டு காற்று வெவ்வேறு வேகத்தில் உரசும் இடம். துளி இல்லை, அதனால் ரேடாருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. டாப்ளரும் உதவாது, அளப்பதற்கே துளி வேண்டுமே. இதற்கு முன்னால் போன விமானம் வானொலியில் சொல்வதுதான் துணை.

இன்னொன்று, காற்று இடிமேகத்தைத் தாண்டிப் போகும் பக்கம். ஆற்றில் பாலத் தூண் நின்றால் அதற்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும் இல்லையா, அதே கதை. அதனால்தான் முடிந்தவரை காற்று வரும் பக்கமாகச் சுற்றுவோம். வழி இல்லாமலோ அனுமதி கிடைக்காமலோ மறுபக்கம் போனால் சுழிப்பில் மாட்டலாம். நீங்கள் மின்னலைத் தாண்டிய பிறகு குலுங்கியது என்பதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

மூன்றாவது, இப்போதுதான் முளைத்து மேலே வரும் மேகம். இன்னும் பெரிய துளி கட்டவில்லை, ரேடாரில் கறுப்பு அல்லது வெளிர் பச்சை, ஆனால் உள்ளே காற்று மேலே பாய்ந்துகொண்டிருக்கும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321 மியான்மருக்கு மேலே உதறியதே, ஞாபகம் இருக்கிறதா? மேகங்கள் வளர்ந்துகொண்டிருந்த பகுதிக்கு மேலே பறந்திருக்கலாம் என்று முதல்கட்ட அறிக்கை சொன்னது. 4.6 விநாடியில் 178 அடி இறக்கம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் முட்டினார்கள், ஒரு பயணி இறந்தார்.

கடலுக்கு மேலே இன்னொரு வம்பு. ஒரே உயரத்துக்கு வளர்ந்த மேகம் நிலத்தின்மேல் என்றால் ரேடாரில் கடுமையாகவும், கடல்மேல் என்றால் சாதுவாகவும் தெரியும். கடல் மேகத்தின் மேல் பாதியில் பெரிய துளிகள் குறைவு. கோலாலம்பூர் பக்கமோ வங்காள விரிகுடாவிலோ இரவில் பச்சையைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளாதே என்று என் முதல் கேப்டன் சொல்வார். கெயின் என்று ஒரு குமிழ் உண்டு, ரேடாருக்குக் காது கூர்மையாக்குவது. அதைக் கூட்டிப் பார்ப்போம்.

சந்தேகப்பிராணி:
ஏர் பிரான்ஸ் 447ல் இதுதானே நடந்தது?

வலதுசீட்டு:
பாதி ஆமாம், பாதி இல்லை. 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ், அட்லாண்டிக்கில் நிலநடுக்கோட்டு மேகக்கூட்டம். அவர்கள் இடப்பக்கம் 12 டிகிரி மட்டும் திரும்பினார்கள். பின்னால் வந்த அதே கம்பெனியின் இன்னொரு விமானம் கெயினைக் கூட்டிப் பார்த்த பிறகு பாதையை விட்டு நன்றாக விலகிப் போனது. 447ல் வேகமானிக் குழாயைப் பனித்துகள் அடைத்தது, ரேடாருக்குச் சரியாகத் தெரியாத அதே பனித்துகள்தான். ஆனால் 228 பேர் இறந்ததற்குக் காரணம் அதற்கப்புறம் காக்பிட்டில் நடந்தது. மூக்கை மேலே இழுத்து, விமானம் தூக்குவிசை இழந்து விழுவதை உணராமல் இருந்ததுதான். ரேடார்மேல் முழுப் பழியையும் போட்டால் பாடம் தப்பாகிவிடும்.

மழைப்பித்தன்:
துளி இருந்தால்தான் தெரியும் என்றால் எரிமலைச் சாம்பல்?

வலதுசீட்டு:
காய்ந்த சாம்பல் தெரியாது. 1982 ஜூன் 24, இந்தோனேசியாவில் கலுங்குங் எரிமலை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 இரவில் அந்தச் சாம்பலுக்குள் போனது. ரேடார் சுத்தம். கண்ணாடியில் மின்பொறி ஓடியது, கேபினில் புகை நாற்றம், அப்புறம் வரிசையாக நாலு இன்ஜினும் நின்றன. கீழே இறங்கியதும் மறுபடி ஓடி ஜகார்த்தாவில் இறங்கிவிட்டார்கள்.

கீழ்ப்பாக்கம் பயணி:
ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று கேட்கலாமா? போன வருஷம் மே மாசம் டெல்லி ஸ்ரீநகர் இண்டிகோ விமானத்தின் மூக்கு ஆலங்கட்டியில் பெயர்ந்த படம் வாட்ஸாப்பில் சுற்றியதே. அவர்கள் ரேடாரில் பார்க்கவில்லையா?

வலதுசீட்டு:
2025 மே 21. எஸ்க்யூ 321க்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதி, தற்செயல்தான். பார்த்தார்கள் சார். பார்த்ததால்தான் இடப்பக்கம் விலகக் கேட்டார்கள். அங்கே எல்லை. பாகிஸ்தான் வான்வெளி நம் விமானங்களுக்கு மூடியிருந்த நேரம், லாகூர் ஏடிசி மறுத்துவிட்டது. திரும்பலாம் என்று முதலில் நினைத்து, மேகம் அதற்குள் நெருங்கிவிட்டதால் நேராகவே போனார்கள் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ சொன்னது. 220 பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

இதை ரேடார் வகுப்பில் சேர்ப்பதா, வேறு வகுப்பில் சேர்ப்பதா என்று எனக்கே குழப்பம். 80 மைலில் சிவப்பைப் பார்த்தால் யோசிக்க ஏறக்குறைய பத்து நிமிஷம் இருக்கும். அனுமதி கேட்டு, இல்லை என்று பதில் வந்து, இன்னொருவரிடம் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பத்து நிமிஷம் கரைந்துவிடும். அதனால் ஒருவர் திரையை 160 மைலிலும் இன்னொருவர் 80லோ 40லோ வைப்போம். கிட்டப் பார்வை மட்டும் வைத்தவன் ரெண்டு கட்டிக்கு நடுவில் நல்ல சந்து என்று நுழைவான், சந்தின் கடைசியில் மூன்றாவது கட்டி வாயை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ராடோம் மணி:
அந்த மூக்குப் படத்தை நானும் பார்த்தேன். அதற்குள் இருந்த தாம்பாளத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தேவகோட்டைக்காரன்:
தெளிவாகிவிட்டது தம்பி, நன்றி. மணி அண்ணனிடம் கடைசியாக ஒன்று. அன்றைக்கு விமான நிலையக் கண்ணாடி வழியாக மூக்கைப் பார்த்தபோது நுனியிலிருந்து பின்பக்கமாக மெல்லிசாகக் கோடுகள் ஓடின, குடைக்கம்பி மாதிரி. அதுதான் ஒட்டுப் போட்ட இடமா?

ராடோம் மணி:
இல்லை இல்லை, பயப்படாதீங்க. அது மின்னலுக்கு. ராடோம் மின்சாரம் கடத்தாது, நேராக இடி விழுந்தால் பொத்துக்கொண்டு உள்ளே ஆன்டெனாவைத் தாக்கும். அந்தக் கீற்றுகள் மின்னலைப் பிடித்துப் பின்னால் இருக்கும் உலோக உடம்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி விட்டு, ரேடாரின் கண்ணை மறைக்காத மாதிரி ஒட்டியிருப்போம். ஒன்று பெயர்ந்திருந்தாலும் எழுதி வைத்து அளவு பார்க்காமல் வண்டியை விடமாட்டோம்.